பள்ளிக்கூட மசோதாவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கணும்ங்க

கல்வி மசோதா ஒன்று சென்னையில் நிறைவேறினால், அடுத்த ஜூன் மாதம் அதன் முதல் சிக்கல் கோபியிலோ திருச்செங்கோட்டிலோ ஒரு தலைமையாசிரியரின் மேசைக்குத்தான் வந்து சேரும். "பையன் ஏழாவது வரைக்கும் தனியார்ல படிச்சானுங்க சார், எட்டாவதுல இங்க சேர்த்தோம். அரசுப் பள்ளிப் பசங்களுக்கான அந்த ஒதுக்கீடு இவனுக்கு உண்டுங்களா?" இந்தக் கேள்விக்கு அமைச்சரின் பேச்சில் பதில் இருக்காது. நோக்கம் சொல்லும் உரையிலும் இருக்காது. இரண்டாம் பிரிவில், வரையறைகளுக்கு நடுவில், ஒரு காற்புள்ளிக்குப் பின்னால் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் சட்டமன்ற உறுப்பினரின் படிப்பு. மற்றதெல்லாம் மேடைக்கு.

கோவையில் 10, ஈரோட்டில் 8, திருப்பூரில் 8, நாமக்கல்லில் 6 என்று இந்த நான்கு மாவட்டங்களில் மட்டும் 32 தொகுதிகள். 234 பேர் கொண்ட அவையில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. கல்வித் துறையைக் கையில் வைத்திருந்தவர்களும் இந்தப் பக்கத்தில் குறைவில்லை. சென்னை மாகாணத்தில் திருப்பூர் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார், காமராசர் அமைச்சரவையில் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம், 2017 முதல் 2021 வரை பள்ளிக் கல்விக்குக் கோபி கே.ஏ. செங்கோட்டையன். ஆனாலும் ஒரு மசோதாவை உறுப்பினரும் அவர் அலுவலகமும் எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று கேட்டால், நம் ஊரில் நாலு பேர் தெளிவாகச் சொல்வதில்லை. உறுப்பினருடைய பி.ஏ., ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர், பள்ளித் தாளாளர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என எல்லோருக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் நேரக் கணக்கு. தமிழ்நாட்டில் மேலவை 1986-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஒரே அவை. அங்கே விட்ட ஓட்டையை அடைக்க இரண்டாவது அவை கிடையாது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு, உறுதிமொழிக் குழு எல்லாம் உண்டு. ஆனால் வருகிற மசோதாவையெல்லாம் துறைவாரியாக வாங்கி, உட்கார்ந்து ஆராய்ந்து அறிக்கை தருகிற நிலைக்குழு நம் பேரவையில் இல்லை. வாளையாறைத் தாண்டினால் கேரளத்தில் 1980 முதலே அப்படிப்பட்ட பொருள்வாரிக் குழுக்கள் இருக்கின்றன. மசோதா வழக்கமாக அந்தக் குழுவைத் தொட்டுவிட்டுத்தான் அவைக்குத் திரும்பும். இங்கே தெரிவுக் குழுவுக்கு, அதாவது அந்த ஒரு மசோதாவை ஆராய மட்டும் அமைக்கும் உறுப்பினர் குழுவுக்கு, அனுப்பலாம் என்று விதியில் இடமுண்டு, அனுப்புவது அபூர்வம். அறிமுகம் ஒரு நாள், ஆய்வும் நிறைவேற்றமும் சில நாள் கழித்து. பல சமயம் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் ஒரு கட்டாக வரும். அந்தக் கட்டு கைக்கு வந்த பிறகு படிக்கத் தொடங்குகிறவர், "ஏற்போர் ஆம் என்க" என்று பேரவைத் தலைவர் கேட்கும்போது இன்னும் முகவுரையில்தான் இருப்பார்.

ஆகையால் படிப்பு மசோதா வருவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் தாள்கள் ஆண்டுதோறும் கிடைக்கின்றன: ஆளுநர் உரை, நிதிநிலை அறிக்கை, மானியக் கோரிக்கையின்போது (துறைவாரியாக அவையிடம் பணம் கேட்கும்போது) வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு. பள்ளிக் கல்விக்குக் கோரிக்கை எண் 43, உயர் கல்விக்கு 20. போன ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் அருகருகே வைத்து, புதிதாக முளைத்த பத்தி எது, சத்தமில்லாமல் காணாமல் போன பத்தி எது என்று பார்த்தால் பாதி மசோதாக்களை மோப்பம் பிடித்துவிடலாம். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அரசு குழு போடுகிறது என்றால் அதுவும் ஒரு அறிகுறி. நீட் பற்றி நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021 ஜூனில் அமைந்தது, ஜூலையில் 165 பக்க அறிக்கை தந்தது, செப்டம்பர் 13 அன்று மசோதா நிறைவேறிவிட்டது. அந்தக் குழுவுக்குக் கருத்து அனுப்பியவர்கள் 86,342 பேர். எழுத்தில் கருத்துச் சொல்லும் வாய்ப்பு அந்தச் சில வாரங்களில்தான் இருந்தது. மசோதா அச்சாகி வந்த பிறகு அந்தக் கதவு ஏறக்குறைய சாத்தியதுதான்.

சரி, மசோதா கைக்கு வந்துவிட்டது. காடு வாங்குகிறவர் கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்தை ரசித்துக்கொண்டிருக்க மாட்டார், நேரே எல்லை விவரம் எழுதிய செக்குபந்திக்குப் போய் நாலு பக்கத்து எல்லையையும் பார்ப்பார். மசோதாவும் அப்படித்தான். பிரிவுகள் முடிந்ததும் நோக்க காரண விளக்கம் இருக்கும். செலவு உண்டென்றால் அதையடுத்து நிதிக் குறிப்பு வரும். விதிகள் செய்யும் அதிகாரம் அரசுக்குத் தரப்படுகிறது என்றால் அதற்கும் ஒரு தனிக் குறிப்பு உண்டு. கடைசிப் பக்கத்தைத் திறந்து முதலில் இந்த மூன்றையும் படித்துவிட வேண்டும். நோக்க விளக்கம் அரசு என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைக் காட்டும். நிதிக் குறிப்பில் யார் பணம் என்பது தெரியும். விதிக் குறிப்பில் அரசு எதையெல்லாம் இப்போது முடிவு செய்யாமல் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறது என்பது தெரியும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டும் இடம் எதுவோ, அதுதான் அவையில் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து வரையறைப் பிரிவு. ஒரு கல்விச் சட்டம் யாரைத் தொடும், யாரை விட்டுவிடும் என்பது முழுக்க முழுக்க இங்கேதான் தீர்மானமாகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத முன்னுரிமை தந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிபதி பி. கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 சதவீதம், மசோதாவில் வந்தது 7.5. பத்திரிகைகள் இந்த எண்ணைத்தான் பேசின. ஆனால் பிள்ளைகளைப் பிரித்தது அந்த எண் இல்லை, வரையறை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி என்பதில் மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் அடங்கும். கட்டாயக் கல்விச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, மேல் வகுப்புகளை அரசுப் பள்ளியில் முடித்தவருக்கும் இடமுண்டு. அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை.

இந்தக் கடைசி வரி நம் ஊரில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். கோவையிலும் ஈரோட்டிலும் பழைய உதவிபெறும் பள்ளிகளில் படிக்கிறவர்கள் யார்? கட்டணம் கட்ட முடியாத, தறிப்பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கும் பெரும்பகுதி. ஒரே தெரு, ஒரே வருமானம், ஆனால் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பொறுத்துத் தகுதி மாறுகிறது. இந்த வேறுபாடு சரியா தவறா என்பதில் இரண்டு பக்கமும் வலுவான வாதங்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சட்டத்தை நிலைநிறுத்தியும் விட்டது. நான் சொல்ல வருவது, இந்த வாதம் நடக்க வேண்டிய இடம் வரையறைப் பிரிவு அவைக்கு வந்த நாள் என்பதுதான். சதவீதத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வரையறையைத் தாண்டிப் போனால், பிறகு நீதிமன்றத்தில்தான் பேச வேண்டியிருக்கும்.

வரையறையைச் சோதிக்க எளிய வழி, தொகுதியில் உள்ள நாலைந்து வகைப் பிள்ளைகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஒவ்வொருவரையும் அந்தச் சொற்களுக்குள் நுழைத்துப் பார்ப்பது. தாளவாடியில் கன்னட வழியில் படிக்கும் பிள்ளை, வால்பாறை எஸ்டேட் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் பொள்ளாச்சி விடுதிக்கு இறங்கி வரும் பிள்ளை, ஒடிசாவிலிருந்து பெற்றோருடன் திருப்பூர் வந்து நடுவில் ஏழாம் வகுப்பில் சேரும் பிள்ளை, நாமக்கல் பக்கம் தனியார் உறைவிடப் பள்ளியில் பிளஸ் ஒன் மட்டும் சேர்ந்த பிள்ளை. நாலு பேரில் ஒருவருக்கு விடை "தெரியவில்லை" என்று வந்தாலும் அந்த வரையறையில் வேலை பாக்கி இருக்கிறது.

திருத்த மசோதா என்றால் முறை வேறு. அது தனியாகப் படித்தால் புரியவே புரியாது. "முதன்மைச் சட்டத்தின் இன்ன பிரிவில், இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் அமைக்கப்பட வேண்டும்" என்று இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். இரண்டு பக்கம்தானே என்று கையெழுத்துப் போடுகிற மனநிலை வந்துவிடும், அங்கேதான் ஆபத்து. முதன்மைச் சட்டத்தை அச்செடுத்து, மாறும் சொற்களைச் சிவப்பில் அடித்து, புதியதை மேலே எழுதி, முழுப் பிரிவையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

2025 அக்டோபரில் வந்த தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதா இதற்கு நல்ல பாடம். 2019-ஆம் ஆண்டு முதன்மைச் சட்டம் தொடர்ச்சியாக அமைந்த 100 ஏக்கர் நிலம் கேட்டது. திருத்தம் அதை மாநகராட்சிப் பகுதியில் 25, நகராட்சி அல்லது பேரூராட்சியில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கர் என்று குறைத்தது. நில எண் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதைவிடப் பெரியது, ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி திறந்தது. கல்லூரி பல்கலைக்கழகமாக மாறினால் அங்கே இருக்கும் உதவிபெறும் பணியிடம் என்ன ஆகும், அரசு ஒதுக்கீட்டு இடம் என்ன ஆகும், கட்டணத்தை யார் நிர்ணயிப்பார் என்ற கேள்விகள் எழுந்தன. அக்டோபர் 17-இல் அவை நிறைவேற்றியது, எதிர்ப்பு வலுத்த சில நாட்களிலேயே மீண்டும் ஆராய்வதாக அரசு சொன்னது. கோவை, பெருந்துறை, திருச்செங்கோடு என்று சாலைக்குச் சாலை பொறியியல் கல்லூரி இருக்கிற பகுதி இது. இந்த மசோதாவை வரிவரியாகப் படித்திருக்க வேண்டியவர்கள் நம் உறுப்பினர்கள்தான். (நிறைவேற்றிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வது கல்வியில் மட்டும் நடப்பதில்லை. 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறி, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. திருப்பூர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.)

இனி "விதிக்கப்பட்டவாறு" என்ற சொல். மசோதாவில் இது எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வட்டமும் அவை முடிவு செய்யாமல் அதிகாரிகளிடம் விட்ட ஒரு விஷயம். படிவம், கட்டண ரசீது, பதிவேடு போன்றவற்றுக்கு அது பொருத்தம். ஆனால் அங்கீகாரத்துக்கு என்ன தகுதி, ஆசிரியரை நீக்க என்ன நடைமுறை, மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் விதிக்குப் போனால் சட்டத்தின் உயிர் அவைக்கு வெளியே போய்விடுகிறது.

தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2018 இதற்கு அளவுகோல். 1973-இன் பழைய தனியார் பள்ளிகள் சட்டத்தின் இடத்தில், மெட்ரிக், நர்சரி என்று தனித்தனி விதிகளில் கிடந்த பள்ளிகளையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவர வந்தது. மசோதா 2018-இல் நிறைவேறியது. 2019-இன் 35-ஆம் சட்டமாக எண் பெற்றது. விதிகள் வந்து நடைமுறைக்கு வந்ததோ 2023 ஜனவரியில். நடுவில் ஆட்சியே மாறிவிட்டது. அத்தனை காலமும் தாளாளர்கள் பழைய விதிகளின் கீழேயே அங்கீகாரப் புதுப்பிப்புக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று தனித்தனி அலுவலகமாக நடந்தார்கள். இந்தச் சான்றுகள் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோன பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கேட்க வேண்டியது வேறு. விண்ணப்பம் கொடுத்து எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறதா? அந்த நாள் தாண்டினால் என்ன நடக்கும்? ஒரு சான்று தாமதமானால் அடுத்ததன் காலம் காலாவதி ஆகிவிடும் சுழலை எந்தப் பிரிவு உடைக்கிறது? உறுப்பினர் இதில் ஒன்றைக் கேட்டு, அமைச்சர் "விதிகளில் பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னாலும் நல்லதுதான். அவையில் அமைச்சர் தருகிற வாக்கு பதிவாகும். உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடரலாம்.

எப்போதிலிருந்து அமல் என்பதும் கல்வியில் தனிக் கணக்கு. மற்றத் துறைகளில் ஏப்ரல் என்றாலும் அக்டோபர் என்றாலும் பெரிய வேறுபாடு இல்லை. பள்ளிக்கு ஜூன்தான் ஆண்டுப் பிறப்பு. சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது, அந்த ஆண்டு 1, 6 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம், மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு என்று படிப்படியாகத் திட்டம். 2011-இல் ஆட்சி மாறியதும் ஜூனில் ஒரு திருத்தச் சட்டம் அதை ஒத்திப்போட்டது. புத்தகங்கள் அச்சாகிக் கிடந்தன. ஜூலையில் உயர் நீதிமன்றம் திருத்தத்தை ரத்துசெய்தது, ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்து பத்து நாளுக்குள் அமல்படுத்தச் சொன்னது. இரண்டு மாதத்துக்கு மேல் பிள்ளைகள் பாடநூல் இல்லாமல் பள்ளிக்கு வந்து போனார்கள். அமல் தேதிப் பிரிவு ஒரு வரிதான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் பாடநூல் அச்சு, ஆசிரியர் பயிற்சி, பொதுத்தேர்வு அட்டவணை மூன்றையும் எழுதிவைத்துப் பார்க்காவிட்டால் இதுதான் கதி.

இன்னொரு வகைத் தாமதமும் உண்டு. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்து, 2006-07-இல் முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறியது. அந்தக் கூட்டம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வந்தது 2015-16-இல். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு விலக்கு கேட்டு வழக்குகள் கிளம்பி, பிறகு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயின. பவானிசாகர் தொகுதிக்குள்தான் தாளவாடி இருக்கிறது. தமிழாசிரியரே இல்லாத பள்ளியில் பிள்ளை தமிழ்த் தேர்வு எழுதுவது எப்படி என்ற கேள்வியைப் பத்து ஆண்டுக்கு முன்பே, வகுப்பு ஒன்றுக்கு ஆசிரியர் போடும்போதே கேட்டிருக்கலாம். சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆசிரியர் பணியிடம் இல்லாமல் சட்டம் மட்டும் ஏறிப்போனால் தேர்வறையில் மாட்டுவது பிள்ளை.

பணத்துக்கு வருவோம். நிதிக் குறிப்பு சில மசோதாக்களில் "கூடுதல் செலவு ஏற்படும், இப்போது துல்லியமாக மதிப்பிட இயலாது" என்ற ரீதியில் முடிந்துவிடும். அப்படி எழுதியிருந்தால் உறுப்பினரே போட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஒரு மாவட்டத்தில் 100 பள்ளிக்குப் பள்ளிக்கொரு சிறப்பாசிரியர், மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 30 லட்சம், ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம். இது ஒரு மாவட்டத்துக்கு, சம்பளம் மட்டும். கணக்கு போட்ட பிறகு இந்தப் பணம் மாநிலத்தின் சொந்த நிதியா, ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கிடும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டப் பணமா என்று பார்க்க வேண்டும். பங்கீட்டுப் பணம் என்றால் நம் கையில் பிடி இல்லை. 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத் தகராறில் நின்றது எல்லோருக்கும் தெரியும். அதன் தொடர்ச்சியாக, மே மாதத்தில் நடக்க வேண்டிய 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கை 2025-இல் அக்டோபர் வரை இழுத்தது. பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டிய கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து, எந்த மாதத்துக்குள் என்று பிரிவில் எழுதாத எந்தத் திட்டமும் தாளாளரையும் பெற்றோரையும் சண்டைக்கு இழுத்துவிடும்.

மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து செலவு வைக்கும் மசோதாவை அவை நிறைவேற்ற வேண்டுமானால், அரசியலமைப்பின் 207-ஆம் உறுப்புப்படி ஆளுநரின் பரிந்துரை தேவை. செலவைக் கூட்டும் திருத்தத்தை உறுப்பினர் தன்னிச்சையாகக் கொண்டுபோனால் இந்த வேலியில்தான் முட்டும். "சம்பளத்தை உயர்த்து" என்று திருத்தம் கொடுத்துத் தள்ளுபடி ஆவதைவிட, "ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தை இன்ன தேதிக்குள் விடுவிக்க வேண்டும்" என்று கொடுப்பது புத்திசாலித்தனம்.

அதிகார வரம்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 42-ஆம் திருத்தத்தால் கல்வி 1976-இல் மாநிலப் பட்டியலிலிருந்து, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் செய்யக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. உயர் கல்வியின் தரம் ஒன்றியப் பட்டியலில் 66-ஆவது இனம். ஒன்றியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் 254-ஆம் உறுப்புப்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் இங்கே நிற்கும். நீட் விலக்கு மசோதா 2017-லும் விழுந்தது. 2021 மசோதா ஆளுநரால் திருப்பப்பட்டு, 2022 பிப்ரவரி 8-இல் மீண்டும் நிறைவேறி டெல்லி போய், ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் அவையில் அறிவிக்கப்பட்டது. துணைவேந்தர் நியமன மசோதாக்கள் 2022 முதல் ஆளுநர், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று அலைந்த கதை தனிப் பதிவுக்கு உரியது. படிக்கிறவர் ஒரே ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதிக்கொண்டால் போதும்: இது எந்த ஒன்றியச் சட்டத்தை, எந்த யு.ஜி.சி. ஒழுங்குமுறையை உரசுகிறது? உரசினால் உடனடிப் பலன் வராது என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதைச் சொல்லாமல் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிள்ளையின் ஓராண்டைக் கரைப்பதுதான் பெரிய தப்பு.

தொகுதித் தகவலுக்குச் சென்னையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் 33-இல் தொடங்கும் 11 இலக்க யூடைஸ் எண் (பள்ளித் தகவல் தொகுப்பில் அதன் அடையாள எண்) உண்டு. அதை வைத்து வகுப்புவாரிச் சேர்க்கை, பயிற்றுமொழி, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை வரை எடுக்கலாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாலு பள்ளிக்கு நேரில் போக வேண்டும், ஏனென்றால் தாளில் இருக்கும் ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறு பள்ளியில் இருப்பார். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஒருவர் என்ற விகிதம் மாவட்டச் சராசரியில் அழகாக வரும். பர்கூர் மலையில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் நிற்பார். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை என்ற அளவும் அப்படியே. சமவெளியில் சைக்கிளில் போகும் மூன்று கிலோமீட்டரும், ஆனை நடமாடும் மூன்று கிலோமீட்டரும் ஒன்றல்ல. வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக வரும் எண்ணை அவையில் சொன்னால், துறையே அதை மறுத்துவிடும்.

உறுப்பினர் கையில் கொடுக்கும் குறிப்பு இரண்டு பக்கம் தாண்டக் கூடாது. இருபது பக்க மனு மேசையில் கிடக்கும், இரண்டு பக்கம் சட்டைப்பையில் போகும். முதல் வரியில் மசோதா எண், பிரிவு எண். அடுத்து அந்தப் பிரிவு இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்று மாற்றுச் சொற்களையே எழுதித் தர வேண்டும். "ஆவன செய்ய வேண்டும்" என்று முடிக்கும் கோரிக்கையைத் திருத்தமாக மாற்ற யாருக்கும் நேரம் இருக்காது. பிறகு தொகுதியில் பாதிக்கப்படுகிறவர்கள் எத்தனை பேர், எந்தப் பள்ளிகள். கடைசியாக, செலவு உண்டா இல்லையா. பல அலுவலகங்களில் தவறுவது, பத்துக் கோரிக்கையையும் ஒரே தாளில் அடுக்குவது. பேசக் கிடைப்பது சில நிமிடம். பத்தில் எது முதல் என்று நீங்கள் சொல்லாவிட்டால், வழியில் கார் நிற்கும் இடத்தில் யாரோ சொன்ன பதினொன்றாவதுதான் அவையில் வரும்.

எழுத்துத் திருத்தம் என்றால் அவை விதிப்படி முன்கூட்டியே பேரவைச் செயலகத்தில் கொடுத்தாக வேண்டும். எழுந்து நின்று சொன்னால் அது பேச்சாகத்தான் பதிவாகும். ஆளுங்கட்சி உறுப்பினருக்குக் கொறடா உத்தரவு உண்டு, கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை உண்டு. வாக்கை மாற்றிப் போட மாட்டார், அதை எதிர்பார்ப்பதும் வீண். அவரைப் பார்க்க வேண்டிய காலம் மசோதா வருவதற்கு முன், துறைச் செயலர் வரைவு தயாரிக்கும் நேரம். எதிர்க்கட்சி உறுப்பினரைப் பார்க்க வேண்டியது அறிமுகத்துக்கும் ஆய்வுக்கும் நடுவில். இந்த வரிசையை மாற்றிச் செய்கிற சங்கங்கள் நம் பக்கம் நிறைய.

எல்லாக் கல்வி மாற்றமும் மசோதாவாக வருவதும் இல்லை. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் வந்தது அரசாணைதான். 2020 பிப்ரவரி 4-இல் போனதும் அரசாணையால்தான். ஒன்றிய அரசின் கட்டாயக் கல்விச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் மாநிலத்துக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருந்ததால் பேரவையில் எதுவும் நிறைவேற வேண்டிய அவசியமே வரவில்லை. ஆகவே அரசிதழை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், துறையின் அரசாணைப் பக்கத்தையும் வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். அரசிதழில் மசோதாக்கள் நான்காம் பகுதி முதல் பிரிவில் வரும், சட்டங்களும் அவசரச் சட்டங்களும் அதன் இரண்டாம் பிரிவில். அவசரச் சட்டம் என்றால் அவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரம்தான் ஆயுள், அதற்குள் மசோதாவாக வந்து நிறைவேறாவிட்டால் காலாவதியாகிவிடும். தேதியைக் குறித்துக்கொண்டால் படிக்க வேண்டிய நாள் தானாகத் தெரிந்துவிடும். மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும் அறிவிப்பு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பாக வெளிவரும். விதிகளால் வந்த தொல்லைகளை, அங்கீகாரத் தாமதம், பணியிடம் நிரப்பாமை போன்றவற்றை, பிரிவு எண்ணோடு எழுதிக் கொடுக்க அது ஒரு நல்ல இடம்.